இண்டிகோப் பாம்பும் அதன் காவலும்

தோற்றுவாய்

பாம்பென்றாற் படையும் நடுங்கும் என்பது நம்மவர் பழமொழி. அவ்வாறு நடுங்குவோர் அதனைக் கண்டவிடத்தே அடித்துக் கொல்வர்; அதே ஊரிற் புற்றுக்குப் பால் வார்த்து வணங்குவோரும் உளர். அஞ்சுதல், வணங்குதல் ஆகிய இவ்விரண்டிற்கும் அப்பால், பாம்பினை ஓர் உயிரினமாக அறிந்து, அவ்வினம் அற்றுப்போகாவண்ணம் காக்கும் மூன்றாம் நிலையும் ஒன்று உண்டு. இந்நிலை மனித வரலாற்றில் மிக அண்மையில் தோன்றியதாகும். யானையையும் மயிலையும் காத்தல் வேண்டும் என்றால் எவரும் உடன்படுவர். பாம்பினைக் காத்தற்கு ஓர் அரசு சட்டம் இயற்றியது எனவும், அதன் முட்டைகளை அடைவைத்துக் குஞ்சுகளைப் பேணி வளர்த்துக் காட்டில் விடுதற்கு அறிஞர் பல்லாண்டு உழைக்கின்றனர் எனவும் கூறினால், ‘இஃது எதன்பொருட்டு?’ என வினவுவோரே பலராவர்.

அவ்வினாவிற்கு விடை காணுமுகமாக, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்குப் பகுதியில் வாழும் கிழக்கு இண்டிகோப் பாம்பின் வரலாற்றை ஈண்டு ஆராய்வோம். இப்பாம்பிற்கு 1978 ஆம் ஆண்டு முதலாகக் கூட்டாட்சி அரசின் சட்டக் காவல் உண்டு. அதனைக் காப்பிடத்தில் வைத்து இனம்பெருக்கும் முயற்சியும் ஏறத்தாழ அக்காலந்தொட்டே நிகழ்ந்து வருகின்றது. இருந்தும், அலபாமா மாநிலத்துக் காட்டில் இயற்கையாகப் பிறந்த ஒரேயொரு குஞ்சினைக் காண்பதற்கு 2020 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சட்டமும் இருந்தது, முயற்சியும் இருந்தது. எனினும் பயன் விளைவதற்கு இத்துணைக் காலம் சென்றமைக்குக் காரணம் யாது? இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாம்பின் இயல்பு

இண்டிகோ என்பது அவுரிச் செடியினின்று பெறப்படும் நீலச் சாயத்தின் பெயர். இப்பாம்பின் உடல் முழுவதும் பளபளக்கும் கருநிறம். வெயிலிற் பார்த்தால் அக்கருமையினூடே அவுரி நீலம் ஒளிரும். ஆதலின் இப்பெயர் வழங்கலாயிற்று. சிலவற்றின் மோவாயும் கழுத்தும் செந்நிறம் வாய்ந்தவை. 1842 இல் ஹோல்புறூக் என்னும் அமெரிக்க விலங்கியலறிஞர் இதனை முதன்முதலாக அறிவியல் முறையில் விவரித்தார். ஜோர்ஜியாவிலிருந்து தமக்கு மாதிரியை அனுப்பிய கூப்பர் என்பவரின் பெயரை அதற்கு இட்டார். இன்று விலங்கியலார் இதனை ‘திறைமாக்கன் கூப்பறை’ என வழங்குவர்.

ஐக்கிய நாடுகளுக்கு உரிய பாம்புகளுள் நீளத்தால் முதன்மை பெற்றது இதுவே. நன்கு வளர்ந்த ஆண் எட்டடிக்கு மேலும் நீளும். இத்துணைப் பெரிதாயினும் இதற்கு நஞ்சு இல்லை. நம் வயல்களிற் காணும் சாரையை நினைவிற் கொள்வோமாயின், இப்பாம்பின் உருவையும் விரைவையும் ஒருவாறு உய்த்துணரலாம். பகலில் இரைதேடுவது இதன் வழக்கம். மலைப்பாம்பு போல இரையைச் சுற்றி நெரிக்கும் வழக்கம் இதற்கு இல்லை. வலிய தாடையினாற் பற்றி அடக்கி விழுங்கும். தவளை, எலி, பறவை, ஆமைக்குஞ்சு ஆகியவற்றோடு பிற பாம்புகளையும் இது தின்னும். நஞ்சுமிக்க கிலுகிலுப்பைப் பாம்பும் இதற்கு இரையாகும். பாம்பினை வெறுப்போர்க்கும் இப்பாம்பு ஒருவகையில் நண்பனே என்பது இதனாற் பெறப்படும்.

பெண்பாம்பு ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் வைகாசி ஆனி மாதங்களில், நான்கு முதல் பன்னிரண்டு வரையான முட்டைகளை இடும். அவை பொரிப்பதற்கு ஏறக்குறைய மூன்று மாதங்கள் செல்லும். ஈற்றுக்கு இடும் முட்டைகள் இவ்வளவு குறைவாதலின், பெரிய பாம்பு ஒன்று கொல்லப்படின் அவ்விழப்பினை ஈடுசெய்யப் பல்லாண்டுகள் வேண்டும். இஃது அலைந்து திரியும் நிலப்பரப்பும் பெரிது. ஆண்பாம்பு ஓராண்டில் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் உலாவுதலும் உண்டு. ஆதலின், சிறு காட்டுத்துண்டு ஒன்றை வேலியிட்டு ஒதுக்குவதால் மட்டும் இதனைக் காத்தல் இயலாது.

ஆமை அகழ்ந்த வளை

‘கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது’ என்பர் நம் முன்னோர். பிறர் உழைப்பில் வாழ்வோரைப் பழிக்குமிடத்து இப்பழமொழியை ஆளுவது வழக்கு. இண்டிகோப் பாம்பின் வாழ்க்கையில் இது பழியின்றி அமைந்த உண்மையாகும். அங்கே புற்றெடுப்பது கறையானன்று. கோபர் ஆமை என்னும் தரையாமை. இவ்வாமை மண்வெட்டி போன்ற தன் முன்னங்கால்களால் மணல் நிலத்தைத் தோண்டி நீண்ட வளையை அமைக்கும். அவ்வளை பெரும்பாலும் பதினைந்தடி நீளமும் ஆறடிக்குச் சற்று மேற்பட்ட ஆழமும் உடையது. நாற்பதடி வரை நீண்டனவும் உள. வெளியே உறைபனி பெய்யினும், கோடை வெயில் கொளுத்தினும், காட்டுத்தீ பரவினும் வளையின் உள்ளே வெப்பநிலை பெரிதும் மாறாது.

இவ்வளைகளிற் புகலிடம் பெறும் உயிரினங்கள் முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்டவை எனக் கணக்கிட்டுள்ளனர். தவளை, எலி, பூச்சி, பாம்பு எனப் பலவும் அதனுள் ஒதுங்கும். ஜோர்ஜியா போன்ற வடபகுதியில் மாரிக்காலம் கடுமையானது. அக்காலத்தில் இண்டிகோப் பாம்பு உயிர்பிழைத்திருத்தல் பெரும்பாலும் ஆமை வளையினாலேயே ஆகும். ஆமை இல்லையேல் வளை இல்லை. வளை இல்லையேல் வடபகுதியிற் பாம்பும் இல்லை என்னலாம்.

இனி, ஆமைக்கு வேண்டுவது யாது? வெயில் நன்கு படும் மணல் நிலமும், மேய்தற்குப் புல்லும் பூண்டும் வேண்டும். இவை நெட்டிலைப் பைன் மரக்காட்டில் நிரம்ப உண்டு. இம்மரங்கள் ஒன்றுக்கொன்று இடைவிட்டு ஓங்கி வளர்வன, அடியிலே ஒளி பரவும், புல் செழிக்கும். அக்காட்டினை அவ்வாறு வைத்திருப்பது தீயாகும். இடிமின்னலால் உண்டாகும் சிறுதீ சில ஆண்டுகளுக்கொருமுறை நிலத்தோடு பரவிப் புதர்களை எரித்துச் செல்லும். நெட்டிலைப் பைன் அத்தீயைத் தாங்கும் இயல்பினது; பிற மரங்களின் கன்றுகள் தாங்கா. தீ வாராதாயின் பிற மரங்கள் அடர்ந்து நிழல் மிகும், புல் மடியும், ஆமை வேறிடம் பெயரும், வளைகள் தூர்ந்துபோகும். தீயினாற் காடு வாழ்கின்றது என்பது கேட்பதற்கு வியப்பாயினும், அறிவியலார் ஐயந்திரிபற நிறுவிய உண்மையாகும்.

அழிவின் காரணங்கள்

ஐரோப்பியர் குடியேறுவதற்கு முன்னர் நெட்டிலைப் பைன் காடு ஏறக்குறைய 9 கோடி ஏக்கர் பரப்பிற் பரந்திருந்தது. மரத்துக்காகவும் பயிர்நிலத்துக்காகவும் அது வெட்டப்பட்டது. வெட்டிய இடங்களில் விரைந்து வளரும் வேறு பைன் இனங்களை நெருக்கமாக நட்டனர். காட்டுத்தீ யாவும் தீயதே எனக் கருதி இயற்கைத் தீயையும் அணைத்தனர். இவற்றின் விளைவாக இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் எஞ்சியது சுமார் 30 இலட்சம் ஏக்கரே. முப்பதில் ஒரு பங்கு என்க.

இதுவன்றி வேறிரு காரணங்களும் உள. முதலாவது, பாம்பு வணிகம். இண்டிகோப் பாம்பு அழகியது, நஞ்சற்றது, பிடித்தால் எளிதிற் கடியாத சாந்த இயல்பினது. ஆகையால் வீட்டில் வளர்ப்போரும் காட்சி நடத்துவோரும் இதனை விரும்பி வாங்கினர். 1960 களிலும் 1970 களிலும் பெருந்தொகையான பாம்புகள் இவ்வாறு காட்டினின்று கவரப்பட்டன. மனிதனுக்குத் தீங்கிழையாத பண்பே அதற்குத் தீங்காய் முடிந்தமை இரங்கத்தக்கது.

இரண்டாவது, கிலுகிலுப்பைப் பாம்பு வேட்டை. தென் மாநிலங்களிற் சில ஊர்களில் ஆண்டுதோறும் கிலுகிலுப்பைப் பாம்புகளைப் பிடித்துத் திரட்டி விழாக் கொண்டாடும் வழக்கம் இருந்தது. வேட்டையாடுவோர் ஆமை வளையினுள் நீண்ட குழாயைச் செலுத்திப் பெற்றோலை ஊற்றுவர். அதன் ஆவி பொறாது பாம்பு வெளிவரும். அவ்வளையினுள் ஒதுங்கியிருந்த இண்டிகோப் பாம்பும் ஆமையும் பிறவும் நச்சாவியால் நலிந்து மடிந்தன. ஒரு வளையைக் கெடுத்தல் ஓர் ஊரின் கிணற்றைக் கெடுத்தல் போல்வதென்பதை வேட்டையாடியவர் எண்ணிப்பார்த்திலர்.

இவ்வாறு பல்லாற்றானும் குறைந்து, அலபாமாவில் இப்பாம்பு காட்டில் வாழ்ந்தமைக்கான உறுதியான சான்று 1954 ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. மிசிசிப்பி மாநிலத்திலும் அது மறைந்தது. எஞ்சியவை பெரும்பாலும் புளோரிடாவிலும் ஜோர்ஜியாவின் தென்பகுதியிலும் ஆகும்.

சட்டம் தந்த காவல்

ஐக்கிய நாடுகளின் பேரவை 1973 ஆம் ஆண்டில் அழிவை எதிர்நோக்கும் இனங்களுக்கான சட்டத்தை நிறைவேற்றியது. அவ்வாண்டு மார்கழி 28 ஆம் நாள் சனாதிபதி நிக்சன் அதில் ஒப்பமிட்டார். அச்சட்டம் உயிரினங்களை இருவகையாகப் பட்டியலிடும். அற்றுப்போகும் நிலையை எய்தியவை ஒருவகை. விரைவில் அந்நிலையை எய்தக்கூடியவை மற்றொரு வகை. இண்டிகோப் பாம்பு 1978 இல் இரண்டாம் வகையிற் சேர்க்கப்பட்டது. அழகையும் பயனையும் நோக்காது, தேய்ந்துவரும் இனமா என்பதொன்றையே நோக்கிப் பாம்பினையும் கழுகினையும் ஒரே பட்டியலில் வைத்தமை அச்சட்டத்தின் பெருஞ்சிறப்பு என்போம்.

இதனால் விளைந்த நன்மைகள் யாவை? பாம்பினைக் கொல்லுதல், பிடித்தல், துன்புறுத்தல் ஆகியன குற்றமாயின. காப்பிடத்திற் பிறந்த பாம்பினையும் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு விற்பதாயின் கூட்டாட்சி அரசின் அனுமதிப் பத்திரம் வேண்டும். அதனாற் பாம்பு வணிகம் பெரிதும் ஒடுங்கிற்று. அரசின் திணைக்களங்கள் வீதி அமைத்தல் முதலிய வேலைகளைத் தொடங்குமுன், அவற்றாற் பாம்பிற்கு நேரும் தீங்கினை ஆராய்தல் கடமையாயிற்று. 1982 இல் இவ்வினத்தை மீட்பதற்கான திட்டம் ஒன்றும் வகுக்கப்பட்டது. அது 2019 இல் திருத்தியமைக்கப்பட்டது.

ஆயினும் சட்டத்தின் கைக்கு எட்டாதனவும் உள. அவற்றுள் மூன்றினை இங்குக் குறிப்பிடுவோம்.

முதலாவதாக, அக்காடுகளிற் பெரும்பகுதி தனியாருக்கு உரியது. பட்டியலிற் கண்ட உயிரினம் தம் நிலத்தில் உண்டெனத் தெரியவரின், மரம் வெட்டவும் நிலத்தை விற்கவும் இயலாது போகுமோவென நிலச் சொந்தக்காரர் அஞ்சினர். அவ்வச்சம் சிலரைக் காட்டையே முன்கூட்டி வெட்டிவிடத் தூண்டிற்று. காக்க வந்த சட்டமே அழிவினைத் தூண்டும் இந்நிலையை மாற்றுதற்கு, 1995 இல் ஒப்பந்த முறை ஒன்று தொடங்கப்பட்டது. அதே பைன் காட்டில் வாழும் செங்கொண்டை மரங்கொத்தியின் பொருட்டு அது முதலில் ஏற்பட்டது. தம் நிலத்தைச் சீர்செய்து உயிரினத்தைப் பெருகவிடும் சொந்தக்காரர்மீது, அப்பெருக்கத்தைக் காரணமாகக் காட்டிப் புதிய தடைகளை விதிப்பதில்லை என அரசு உறுதியளிக்கும். தண்டத்தினாலன்றி நம்பிக்கையினாற் பெறும் காவல் இது.

இரண்டாவதாக, வாழிடத்தை அழித்தல் உயிரினத்துக்குத் தீங்கு செய்தலாகுமா என்பது வழக்காயிற்று. வாழிடத்தைப் பெரிதும் மாற்றி அதனால் உயிரினம் இறக்கவோ ஊறுபடவோ நேரின் அதுவும் தீங்கே என்ற அரசின் விதியை, உச்ச நீதிமன்றம் 1995 இல் செல்லுமெனத் தீர்ப்பளித்தது. அவ்விதியை நீக்குவதற்கான முன்மொழிவொன்றை 2025 ஆம் ஆண்டு சித்திரையில் அந்நாட்டு அரசே வெளியிட்டது. இன்று எழுதிய காவலை நாளை வருவோர் அழிக்கலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

மூன்றாவதாக, வளை தோண்டும் ஆமையின் நிலையை நோக்குவோம். அலபாமாவின் மேற்கோரத்திலும் அதற்கு அப்பாலும் வாழும் ஆமைகளுக்கு மட்டுமே 1987 முதல் கூட்டாட்சிச் சட்டத்தின் காவல் உண்டு. கிழக்கே வாழும் ஆமைகளைப் பட்டியலிற் சேர்க்கத் தேவையில்லையென 2022 இல் தீர்மானிக்கப்பட்டது. புளோரிடா முதலிய மாநிலங்களின் சொந்தச் சட்டங்கள் ஆமையைக் காக்கின்றன என்பது உண்மையே. எனினும் நாடு தழுவிய சட்டம் குடியிருப்போனுக்குக் காவல் தந்து, வீட்டைக் கட்டுவோனுக்குப் பெரும்பாலான இடங்களில் அதனைத் தராது விட்டது என்பதை மாணவர் கவனித்தல் வேண்டும்.

முதல் முயற்சியும் அதன் தோல்வியும்

சட்டம் இருப்பதைக் காக்கும், இல்லாததை உண்டாக்காது. பாம்பு முற்றாக மறைந்த காடுகளில் அதனை மீண்டும் குடியேற்ற வேண்டின், வேறிடத்திற் பெருக்கிக் கொணர்தல் வேண்டும். இக்கருத்தோடு அலபாமாவிலுள்ள ஓபேர்ண் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர் 1970 களின் பிற்பகுதியிற் பணியைத் தொடங்கினர். பாம்புகளைக் காப்பிடத்தில் இணையவிட்டு, முட்டைகளைப் பொரிக்கவைத்து, 1980 களின் நடுப்பகுதி கழியும்வரை நூற்றுக்கணக்கான பாம்புகளைப் பல மாநிலங்களிலுமுள்ள காடுகளில் விட்டனர். ஆயினும் அவற்றால் நிலைபெற்ற கூட்டம் ஒன்றும் உருவானதாகத் தெரியவில்லை.

தோல்விக்குரிய காரணங்களைப் பின்வந்தோர் ஆராய்ந்தனர். பாம்புகள் பல இடங்களிற் சிதற விடப்பட்டன. ஓரிடத்துக்குக் கிடைத்தவை மிகச் சில. விடப்பட்டவற்றுட் பல இளங்குஞ்சுகள். அவை பருந்து முதலியவற்றிற்கு எளிதில் இரையாயின. சில காடுகள் தீ காணாது புதர் மண்டிக் கிடந்தன. விட்டபின் அவற்றைத் தொடர்ந்து சென்று நோக்கும் கருவிகளும் அக்காலத்திற் போதியவையாக இல்லை. விதை நல்லதாயினும் நிலம் பண்படவில்லையேல் விளைவு இல்லையென்பதை உழவர் அறிவர். அதனைப் பாம்பு வளர்ப்போர் பெருஞ்செலவு செய்து கற்றனர்.

காப்பிடத்தில் இனம்பெருக்கும் முறை

இரண்டாம் முயற்சியைக் கூறுமுன், இனம்பெருக்கும் முறையைச் சிறிது விளக்குவோம். இண்டிகோப் பாம்பு தன்னினத்தையும் விழுங்க வல்லது. ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியே வைத்து வளர்ப்பர். குளிர்காலமே இணையும் பருவம். அப்போது ஆணையும் பெண்ணையும் காவலாள் அருகிருந்து நோக்கச் சிலபொழுது ஒன்றாக விடுவர். இட்ட முட்டைகளை ஈரமான பொருளிற் பதித்து, வெப்பநிலை மாறாத பெட்டியில் வைப்பர். பொரித்த குஞ்சு ஒன்றரை அடிக்குக் குறையாது நீண்டிருக்கும்.

இதில் இடர்கள் மூன்று. ஒன்று, உறவுக்குள் இணைதல். தொகையிற் சிலவாகிய பாம்புகளே மீண்டும் மீண்டும் இணையின் வழித்தோன்றல்கள் நலிவுறும். ஆதலின் ஒவ்வொரு பாம்பிற்கும் குலவரிசை ஏடு எழுதி, எதனோடு எதனை இணைப்பதென ஆய்ந்து முடிவுசெய்வர். மற்றொன்று, நோய். நெருங்கி வாழும் காப்பிடத்தில் ஒன்றைப் பற்றிய கிருமி விரைவிற் பலவற்றிலும் பரவும். அந்நோயோடு பாம்பினைக் காட்டில் விடின் காட்டிலுள்ளவையும் கெடும். எனவே நோய் ஆய்வு முடியுமுன் எதனையும் வெளியேவிடார். இன்னொன்று, எந்தப் பாம்பினை எங்கே விடுவது என்பது. மேற்குக் கரையோரப் பாம்புகள் வேறோர் இனமென 2016 இல் ஆய்வாளர் சிலர் கூறினர். பின்வந்த ஆய்வாளர் அதனை மறுத்தனர். ஏட்டிலே நிகழ்ந்த இவ்வாதம், எக்காட்டுப் பாம்பினை எக்காட்டில் விடலாம் என்னும் நடைமுறை வினாவோடு பிணைந்திருந்தமை நோக்கற்பாலது.

கொனீக்காக் காட்டிற் குடியேற்றம்

அலபாமாவின் தென்னெல்லையில் கொனீக்கா என்னும் தேசிய வனம் உள்ளது. அங்கே பாம்பினை விடுமுன்னர் காட்டைச் சீர்செய்தனர். நெட்டிலைப் பைன் கன்றுகளை நட்டனர். குறித்த கால இடைவெளியில் தாமே திட்டமிட்டுத் தீயிட்டுப் புதர்களை நீக்கினர். ஆமைகளுக்கு ஏற்ற நிலமாக அது திருந்திற்று.

ஜோர்ஜியாவின் காடுகளிற் சூல்கொண்ட பெண்பாம்புகளைப் பிடித்துவந்து முட்டையிடச் செய்தபின், அவற்றைப் பிடித்த இடத்திலேயே மீண்டும் விட்டனர். பொரித்த குஞ்சுகளை ஏறக்குறைய ஈராண்டுகள் காப்பிடத்தில் வளர்த்து, பகைக்கு எளிதில் இரையாகாத அளவுக்குப் பெருக்கச் செய்தனர். 2010 ஆம் ஆண்டு 17 பாம்புகள் கொனீக்காவில் விடப்பட்டன. அவற்றின் உடலில் வானொலி அலை பரப்பும் சிறு கருவி பொருத்தப்பட்டிருந்தமையால், அவை எவ்வளையிற் புகுந்தன, எத்துணைத் தூரம் சென்றன, எவை பிழைத்தன என்பவற்றை ஆய்வாளர் அறிய முடிந்தது. பல்லாண்டுகளில் ஓரிடத்திலேயே ஏறக்குறைய 300 பாம்புகளை விடுதல் அவர்தம் இலக்காகும். முன்னோர் பல இடங்களிற் சிதறவிட்ட தவறு இங்குத் திருத்தப்பட்டது.

பிற்காலத்தில் புளோரிடாவில் யூஸ்ரிஸ் என்னும் ஊரிலுள்ள ஓறியான் இண்டிகோக் காப்பிடம் இப்பணிக்கு நடுவிடமாயிற்று. மத்திய புளோரிடா விலங்குக்காட்சிச்சாலை அதனை நடத்துகின்றது. அங்குப் பிறந்த பாம்புகள் அலபாமாவுக்கும், 2017 முதல் புளோரிடாவின் வடபகுதியிலுள்ள அப்பலாச்சிக்கோலாக் காப்புக்காட்டிற்கும் அனுப்பப்படுகின்றன. அக்காப்புக்காட்டில் இப்பாம்பு 1982 இற்குப் பின்னர் காணப்பட்டதில்லை.

பயன் மெல்ல விளைந்தது. காப்பிடத்திற் பிறவாத, காட்டிலேயே பொரித்த இளம்பாம்பு ஒன்று 2020 இல் அலபாமாவில் அகப்பட்டது. அம்மாநிலத்தில் அறுபதாண்டுகளுக்கு மேலாக அறியப்படாத நிகழ்ச்சி அது. 2022 இல் இரண்டாவது கண்டெடுக்கப்பட்டது. 2023 இல் அப்பலாச்சிக்கோலாவில் இரு குஞ்சுகள் காணப்பட்டன. எண்ணிக்கை சிறிதே, ஆயினும் மனிதர் கைபடாது பிறந்த ஒரு குஞ்சு, விடப்பட்ட பாம்புகள் பிழைத்தன, இரைகொண்டன, துணைதேடின, முட்டையிட ஏற்ற இடம் கண்டன என்னும் இத்தனையையும் ஒருங்கே காட்டும் சான்றாகும்.

அன்றிகுவாத் தீவின் சான்று

காட்டைத் திருத்துதலே முதன்மையானது என்பதை வேறொரு பாம்பின் வரலாறும் வலியுறுத்தும். அது கரிபியன் கடலிலுள்ள அன்றிகுவாத் தீவுக்கு உரியது. அங்குக் கரும்புத் தோட்டத்து எலிகளை ஒழிக்கவெனப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் கீரிகளைக் கொணர்ந்துவிட்டனர். கீரி பாம்பினை ஒழித்தது, எலி எஞ்சிற்று. 1995 இல் எண்ணியபொழுது, கீரி எட்டாத மிகச்சிறு தீவொன்றில் ஏறக்குறைய ஐம்பது பாம்புகளே இருந்தன. அங்கும் எலிகள் அவற்றைக் கடித்து ஊறுபடுத்தின.

இப்பாம்பினை ஜேர்சித் தீவிலுள்ள விலங்குக்காட்சிச்சாலையில் இனம்பெருக்க முயன்றனர். நோய் முதலியவற்றால் அம்முயற்சி பயன்தரவில்லை. ஆனால் அச்சிறு தீவில் எலிகளை முற்றாக ஒழித்தபோது பாம்புகள் தாமே பெருகின. எலி நீக்கிய அயற்றீவுகளுக்கும் அவற்றைக் கொண்டுசென்று விட்டனர். இன்று அவை ஆயிரத்தைக் கடந்துவிட்டன எனக் கணக்கிடுவர். காப்பிடம் தோற்ற இடத்தில், திருந்திய வாழிடம் வென்றது.

மக்கள் மனமாற்றம்

இறுதியாக ஒன்று கூறல் வேண்டும். ஜோர்ஜியாவில் கிளாக்ஸ்ரன் என்னும் ஊரிற் பல்லாண்டு நடந்த கிலுகிலுப்பைப் பாம்பு வேட்டை விழா, 2012 இல் வனவுயிர் விழாவாக மாறியது. காட்டினின்று பாம்புகளைப் பிடித்துக் கொல்லாது, அவற்றைக் காட்டி அவற்றின் இயல்பினைப் பிள்ளைகளுக்கு விளக்கும் விழாவாக அது நிகழ்கின்றது. பின்னர் விகம் என்னும் ஊரும் அவ்வழியைப் பின்பற்றியது. விழா நின்றுபோகவில்லை, ஊரின் வருவாயும் கூட்டமும் களிப்பும் மாறவில்லை. மாறியது அதன் கருப்பொருள் மட்டுமே. சட்டத்துக்கு அஞ்சி ஒருவன் பாம்பினைக் கொல்லாதிருத்தல் ஒன்று. அதன் இயல்பை அறிந்து கொல்ல மனமின்றி இருத்தல் வேறொன்று. பின்னது விதி மாறினும் மாறாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஓரினத்தைக் காத்தற்கு மூன்று வேண்டும் என்பது போதரும். சட்டம் கொல்லும் கையைத் தடுக்கும். காப்பிடம் குன்றிய தொகையைப் பெருக்கும். வாழிடம் அத்தொகையை நிலைபெறச் செய்யும். இம்மூன்றனுள் முன்னைய இரண்டும் 1980 களிலேயே இருந்தன; மூன்றாவது வந்துசேரும்வரை அவை பயன்தரவில்லை. இதுவே நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு விடையாகும்.

‘இஃது எதன்பொருட்டு?’ என்னும் மற்றைய வினாவும் எஞ்சி நிற்கின்றது. இண்டிகோப் பாம்பின்பொருட்டுச் சீர்செய்த காட்டில் ஆமை வாழ்கின்றது, மரங்கொத்தி வாழ்கின்றது, வளையில் ஒதுங்கும் முந்நூற்றைம்பது வகை உயிர்களும் வாழ்கின்றன. ஒன்றைக் காக்கப் புகுந்தோர் பலவற்றைக் காத்தனர். அஃதன்றியும், அலபாமாவில் ஒருமுறை அற்றுப்போன பாம்பினைத் திரும்பக் கொணர்தற்கு இரண்டு முயற்சிகளும், நாற்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகளும், பெரும்பொருளும் வேண்டியிருந்தன. அப்பணி இன்னும் முடியவில்லை. இருக்கும்போதே காத்திருப்பின் இவற்றுட் பெரும்பகுதி வேண்டியிராது.

நம் கல்லூரியில் விலங்கியல் பயிலும் மாணவர், ஏதேனும் ஓர் உயிரினத்தைப் பற்றிக் கற்கும்போது, அதன் உடற்கூற்றோடு நின்றுவிடாது, அஃது எவ்விடத்தில் ஒதுங்குகின்றது, அவ்விடத்தை ஆக்கித் தருவது யாது, அதனை இன்று கெடுப்பது யாது என்னும் மூன்று வினாக்களையும் கேட்டுப் பழகுதல் வேண்டும். விடைகளைப் புத்தகத்தில் மட்டுமன்றி வெளியே சென்றும் தேடுதல் வேண்டும். அவ்வாறு பழகிய கண்ணுக்குப் பாம்பின் புற்றும் ஆமையின் வளையும் குளத்தின் கரையும் பாடநூலின் பக்கங்களாகத் தோன்றும்.